ரஸ்தாளியைக் கொன்ற கை

அத்தியாயம் 11

“சார், ஒரு சந்தேகம்,” என்றான் உதவியாள் துரைக்கண்ணு. “விஷத்துக்குக் கண்ணு உண்டா?”

துப்பறியும் கோவிந்தராசு குடமுருட்டி ஆற்றுப் படுகையில், மிராசுதார் அமிர்தலிங்கத்தின் வாழைத் தோட்டத்துக்கு நட்டநடுவே, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். சுற்றிலும் ரஸ்தாளி மரங்கள் செத்துக்கொண்டிருந்தன. இலைகள் மஞ்சளாகி, காம்பு முறிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோலத் தொங்கின. அடித்தண்டு பிளந்திருந்தது. விசாரணை முடியும்வரை வெட்டக் கூடாது என்று மிராசுதாரின் வக்கீல் சொல்லியிருந்ததால், மாதக்கணக்கில் நின்றபடியே அழுகிக்கொண்டிருந்தன.

“என்ன கண்ணுடா?”

“பாருங்க சார். ரஸ்தாளிக்கு ஊடால பூவன் வச்சிருக்காங்க. அதே மண்ணு, அதே வாய்க்கால் தண்ணி. ரஸ்தாளி அத்தனையும் காலி. பூவன் பக்கத்துல நின்னு தார் தள்ளுது. விஷம் ஒவ்வொரு மரமா விசாரிச்சுட்டு உள்ள போச்சா?”

கோவிந்தராசுவுக்குச் சுருக்கென்றது. போன தை மாதம் இதே பூவன் இதே இடத்தில்தான் நின்றது. அவர் பார்க்கவும் செய்தார். பார்த்ததை யோசிக்கத்தான் இல்லை. கும்பகோணத்தில் பெயர்ப்பலகை மாட்டித் தொழில் நடத்தும் துப்பறிவாளர், கண்ணெதிரே நின்ற சாட்சியைத் தாண்டிப் போயிருக்கிறார்.

தாண்டிப் போனவர் சும்மா போகவில்லை. “விஷம் வைத்தவன் மருதையன்” என்று மிராசுதாருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மருதையன் மிராசுதாரின் குத்தகைதாரன். பக்கத்துப் படுகை நிலத்தைச் சாகுபடி செய்பவன், ஊரில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் அவன்தான் தலைவன். குத்தகை நிலத்தை விட்டு அவனை எழுப்ப மிராசுதார் ஆன மட்டும் பார்த்தார். சட்டம் விடவில்லை. ஆனால் அதே சட்டத்தில், பயிரை நாசம் செய்த குத்தகைதாரனை வெளியேற்றலாம் என்று ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்துக்கு வழி காட்டியது கோவிந்தராசுவின் அறிக்கை. மருதையனின் குடிசைக் கொல்லையில் புதைத்துவைத்திருந்த காலிப் பூச்சிமருந்து டப்பாவைத் தோண்டி எடுத்தவரும் அவரேதான். போலீஸ் வந்தது. அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறான். நாளைக்குத் தஞ்சாவூர் ரெவின்யூ கோர்ட்டில் விசாரணை. கோவிந்தராசுதான் முக்கிய சாட்சி. சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் வந்திருந்தார்.

“ரஸ்தாளிக்குத்தான் மவுசு அதிகம். வயித்தெரிச்சல்ல அதுக்கு மட்டும் தேடிப்பிடிச்சு ஊத்தியிருக்கலாம்ல?” என்றார். அப்படி இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

“அப்ப அந்தக் கிழக்கு ஓரத்து ரஸ்தாளி? அது நல்லாத்தானே நிக்குது. ஊத்துனவனுக்குக் கை வலிச்சிருச்சா?”

கோவிந்தராசு கிழக்கு ஓரத்துக்கு நடந்தார். அங்கே மரங்கள் பச்சைப்பசேல் என்று நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் பக்கக்கன்றுகள் மண்டிக்கிடந்தன. திரும்பி வந்து செத்த மரங்களின் அடியைப் பார்த்தார். ஒரு கன்றுகூட இல்லை. தோண்டி எடுத்த பள்ளமும் வெட்டிய தழும்பும்தான் இருந்தன. முட்டிபோட்டு இன்னும் நாலு மரங்களைப் பார்த்தார். எல்லாம் அப்படியே.

“துரை, பக்கக்கன்னு எடுத்த மரமெல்லாம் செத்துருக்கு. எடுக்காத மரமெல்லாம் உசுரோட இருக்கு.”

“அப்ப கன்னைப் பிரிஞ்ச ஏக்கமா சார்? கட்சியே ரெண்டாப் பொளந்து போச்சு, வாழை பொளக்கக் கூடாதா?”

“கொன்னது விஷமில்லடா. கன்னு எடுத்த மண்வெட்டி.”

சொன்னபோது பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இதைத் தை மாதமே சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றியது. ஒரு ரஸ்தாளியின் அடித்தண்டை வெட்டி, பழைய பேப்பரில் சுற்றி, ஸ்கூட்டரில் வைத்துக் கட்டச் சொன்னார்.

கும்பகோணத்தில் விவசாய இலாகா அதிகாரி தங்கமணி அந்தத் துண்டைக் குறுக்காக அறுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செங்காவிக் கோடுகள் வளையம் போட்டிருந்தன. நுண்ணோக்கியில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்துவிட்டு நிமிர்ந்தார்.

“விஷம்னு யாருங்க சொன்னது? இது வாடல் நோய். மண்ணுல இருக்குற ஒரு பூசணம் வேர் வழியா உள்ள போய்த் தண்ணி ஏறுற குழாயையெல்லாம் அடைச்சிரும்.”

துரைக்கண்ணு கூரையைப் பார்த்தான்.

“மண்ணுல பூசணம் எப்பவும் இருக்குறதுதானே சார்?” என்றார் கோவிந்தராசு.

“இந்தப் பூசணம் எல்லா மண்ணுலயும் இல்லை. ஆனா ஒரு வாழை வேரைச் சுத்திக் கண்ணுக்குத் தெரியாத உயிருங்க ஒரு ஊரே குடியிருக்குங்க. வேருக்கு உள்ளயும் குடியிருக்கு. அதுல சிலது வாழைக்கு உழைக்கும். சிலது ஒரு வேலையும் செய்யாம உக்காந்து சாப்பிடும். சிலது மரத்தையே கொன்னுரும்.”

“உக்காந்து சாப்பிடுறதா? அங்கயும் மிராசுதார் இருக்காங்களா?” என்றான் துரைக்கண்ணு. “உழைக்கிறதுக்குக் குடியிருப்பு மனை உரிமையாச்சும் கிடைக்குமா? கூலி ஆளுக்குக் குடியிருக்குற மனை சொந்தம்னு சட்டம் வந்துருச்சே.”

தங்கமணி சிரித்துவிட்டார். “பூவன் இந்தப் பூசணத்தைத் தாங்கிக்கும். ரஸ்தாளிக்குத் தாங்கத் தெரியாது. அதான் ஒண்ணு செத்து ஒண்ணு நிக்குது.”

“கையும் காலும் இல்லாதது தோட்டத்துக்குத் தோட்டம் எப்படிப் போகும்?” என்றார் கோவிந்தராசு.

“நாமதான் தூக்கிட்டுப் போறோம். நோய் கண்ட கொல்லையோட மண்ணு மண்வெட்டில ஒட்டியிருந்தா போதும், செருப்புல ஒட்டியிருந்தாலும் போதும். ஒரு சிட்டிகை மண்ணு. வேர்ல ஒரு வெட்டு விழுந்தா உள்ள போயிரும். போனது உடனே தெரியாது. உள்ளயே இருந்துட்டு மாசக்கணக்கு ஆன பிறகுதான் இலை மஞ்சளாகும். அதுக்கு அப்புறம் மருந்தும் கிடையாது. அந்த இடத்துல வருஷக்கணக்குல ரஸ்தாளி தேறாது.”

இனி ஒரே கேள்விதான். அந்த மண்வெட்டி யாருடையது?

விடை தேடி அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. போன ஆவணியில் ஊரே கேட்ட சண்டை அது. கூலி உயர்வு கேட்டு உள்ளூர் ஆட்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். அமிர்தலிங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. கொள்ளிடக்கரையிலிருந்து லாரியில் ஆட்களை இறக்கி வேலை வாங்கினார். அந்த ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி ரெங்கசாமியை மத்தியானம் அவன் ஊர் டீக்கடையில் பிடித்தார்கள்.

“ஆமாங்க, பக்கக்கன்னு எடுக்கத்தான் வந்தோம்,” என்றான் ரெங்கசாமி. “மேக்கால ஆரம்பிச்சோம். கிழக்கு ஓரம் போறதுக்குள்ள உள்ளூர் ஆளுங்க கொடி புடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க. போட்டது போட்டபடி லாரி ஏறிட்டோம்.”

“மண்வெட்டி மிராசுதார் கொடுத்ததா?”

“எங்களுதுதான் சார். உள்ளூர் ஆளுங்க அவங்க மண்வெட்டியை வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்களே.”

“அதுக்கு முன்னாடி அதை வச்சு எங்க வேலை பாத்தீங்க?”

ரெங்கசாமி சாதாரணமாகத்தான் சொல்ல ஆரம்பித்தான். “இங்கதான். எங்க ஊர் ரஸ்தாளி பூரா மஞ்சளாப் போயிருச்சு. ஒண்ணு தேறலை. அதைத் தோண்டிப் போட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் லாரி வந்துச்சு. அப்படியே எடுத்துக்கிட்டு...”

வாக்கியம் பாதியில் நின்றது. டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“மிராசுதார் தோட்டமும் மஞ்சளாப் போச்சுன்னாங்களே. நாங்களா சார் கொண்டு போனோம்? அடுத்தவன் கூலிச் சண்டையில வேலைக்குப் போனதே தப்புன்னு வீட்டுல இன்னைக்கும் சண்டை. இது வேறயா?”

“உனக்கு எப்படிப்பா தெரியும்? தெரியாம நடந்தது,” என்றார் கோவிந்தராசு. பிறத்தியாருக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது! தனக்குச் சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றும் அகப்படவில்லை. ரெங்கசாமியிடம் மண்வெட்டி இருந்தது, படிப்பில்லை. தன்னிடம் எல்லாம் இருந்தது, கேட்கத்தான் வாய் வரவில்லை.

அமிர்தலிங்கம் ஊஞ்சலில் சாய்ந்தபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். உள்ளூர் ஆட்கள் வேலை செய்திருந்தால் தோட்டம் பிழைத்திருக்கும், நாமே லாரி அனுப்பி நோயை வரவழைத்துக்கொண்டோம் என்று தெரிந்ததும் மனுஷன் முகத்தில் ஈயாடாது என்று கோவிந்தராசு எதிர்பார்த்தார். மிராசுதார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“கதை நல்லாருக்கு. ஆனா கோர்ட்டுல இருக்குறது நீங்க எழுதிக் கொடுத்த அறிக்கை. மண்வெட்டியில நோய் வந்துச்சுன்னா எவன் ஒத்துக்குவான்? கூலி ஆளு சொன்னான்னு சொல்வீங்களா? சரி, ஒண்ணு கேக்குறேன். நோய் புடிச்ச தோட்டத்து மண்வெட்டி பட்டு வேற எங்கயாவது நல்ல வாழை செத்துருக்கா? காட்டுங்க, நான் கேசை வாபஸ் வாங்குறேன். மருதையன் வீட்டு ரஸ்தாளி வரப்புக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது. அது செழிப்பா இருக்கு, அதனால அவன்தான் குத்தவாளின்னு எழுதுனது யாரு? நானா?”

அது அறிக்கையின் மூன்றாவது பத்தி. கோவிந்தராசுவின் சொந்த நடை. எழுதிய அன்று ரொம்பப் பிடித்திருந்த பத்தி.

வெளியே வந்ததும் துரைக்கண்ணு, “இப்ப எங்க சார்?” என்றான்.

“மருதையன் வீட்டுக்கு. நாளைக்குக் கோர்ட்டுல பாக்குறதுக்கு முன்னாடி இன்னைக்கு நேரா முகத்தைக் காட்டணும்.”

“காட்டுங்க. நான் பின்னாடி நிக்கிறேன். அவன் பொஞ்சாதி ஏதாச்சும் எறிஞ்சா எனக்குக் குனியத் தெரியும்.”

மருதையன் போலீஸ் ஸ்டேஷனில் ஜாமீன் கையெழுத்துப் போடப் போயிருந்தான். அவன் மனைவி காத்தாயி கொல்லையில் இருந்தாள். கையில் அரிவாள். அவள் காலடியில் ஒரு ரஸ்தாளி மரம் வெட்டுண்டு கிடந்தது. அடுத்ததை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

இலைகள் மஞ்சள். தண்டு பிளந்திருந்தது. கீழே கிடந்த தண்டின் வெட்டுவாயில் காலையில் பார்த்த அதே செங்காவிக் கோடு.

துரைக்கண்ணு கோவிந்தராசுவின் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. “சார்! இங்கயும் வந்துருச்சு! இனிமே மருதையன் விஷம் வச்சான்னு எவன் சொல்லுவான்? தன் வீட்டு வாழைக்கே எவனாச்சும் விஷம் வைப்பானா? மிராசுதார் ஆதாரம் கேட்டாரே, ஆதாரம் தானாவே மொளைச்சிருச்சு! கேசு தூள் சார்!”

காத்தாயி அரிவாளை நிறுத்தினாள். “எங்க மரம் சாவுறதுல ஒங்களுக்கு என்னய்யா இவ்வளவு சந்தோஷம்?”

துரைக்கண்ணு கோவிந்தராசுவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

கோவிந்தராசு அவள் பக்கம் பார்க்கவில்லை. மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா மரமும் சாகவில்லை. குடிசைக்குப் பின்னால் நின்றவை நன்றாகவே இருந்தன. வரப்பை ஒட்டி நின்ற ஒரு கொத்துதான் மஞ்சளாகியிருந்தது. காலையில் கண்ட ஒழுங்கு இங்கேயும் இருக்குமா என்று நின்ற இடத்திலிருந்தே குனிந்து பார்த்தார். நன்றாக இருந்த மரங்களின் அடியில் மண் கெட்டித்துக் கிடந்தது. செத்த மரங்களைச் சுற்றி மண் எப்போதோ கிளறப்பட்டு, பள்ளமும் மேடுமாக இருந்தது. வேர்கள் கன்னாபின்னாவென்று வெட்டுப்பட்டிருந்தன. விவரம் தெரிந்தவன் தோண்டிய தோண்டல் இல்லை.

“ஏம்மா, இங்க மட்டும் யாரு தோண்டுனது?”

காத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தெரியாத மாதிரி கேக்குறீங்க. நீங்கதான்.”

கோவிந்தராசுவுக்கு நினைவு வந்தது.

தை மாதம். மிராசுதார் தோட்டத்தில் செத்த மரத்தடியில் ஒரு மண்வெட்டி சாத்தியிருந்தது. அதை எடுத்து, அந்த மரத்தைச் சுற்றி விஷத்துக்காகத் தோண்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஈர மண் ஒட்டிய அந்த மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பைத் தாண்டி இந்தக் கொல்லைக்குள் வந்தார். காத்தாயி வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த வரப்பை ஒட்டி நின்ற மரங்களின் அடியை ஒவ்வொன்றாகத் தோண்டினார். கடைசியில் டப்பா கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்ததுகூட ஞாபகம் இருந்தது.

“அந்த டப்பா...” என்றார்.

“நெல்லுக்கு அடிச்ச மருந்து. காலி டப்பாவை வெளியில போடாத, புள்ளைங்க எடுத்துத் தண்ணி குடிச்சிரும், புதைச்சிருன்னு சர்க்கார் கிராமசேவக் வந்து சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு புதைச்சாரு. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்போம். நீங்க கேக்கவே இல்லையே.”

துரைக்கண்ணு அவரை ஓரமாக இழுத்தான். அவன் குரலில் அப்போது கிண்டல் இல்லை.

“சார், நாளைக்கு மிராசுதார் தோட்டத்து மண்வெட்டி இங்க வந்துச்சுன்னு மட்டும் சொன்னாப் போதும். யாரு கையில வந்துச்சுன்னு சொல்லணுமா? சொன்னீங்கன்னா அப்புறம் நம்ம கிட்ட எவன் கேசு கொண்டு வருவான்?”

கோவிந்தராசு யோசித்தார். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். சொன்னால் நாளை மாலைக்குள் கும்பகோணம் முழுக்கச் சிரிக்கும். துப்பறிய வந்தவன் நோயைக் கொண்டுபோய் வைத்தான் என்று டீக்கடைக்கு டீக்கடை பேசுவார்கள். ஆனால் தோண்டியது யார் என்று சொல்லாவிட்டால் மிராசுதாரின் வக்கீல் விடமாட்டார். மருதையனே மண்வெட்டியைத் திருடிக்கொண்டு வந்தான் என்று அடித்துப் பேசுவார். மிராசுதார் கேட்ட ஆதாரம் இந்தக் கொல்லையில் செத்துக் கிடக்கிறது. அதற்குச் சாட்சி ஒரே ஒருவன்தான். மருதையனின் நிலம் நிற்பதும் போவதும் அந்த ஒருவன் வாயில் இருந்தது.

காத்தாயியிடம் திரும்பிப் போனார். மண்வெட்டியில் நோய் எப்படி ஒட்டிக்கொண்டு வரும் என்று அவளுக்குப் புரியும்படி சொன்னார். கடைசியில், “இந்த மரத்தைக் கொன்னது நான்தாம்மா. ஒம் புருசன் அடி வாங்குனதும் என்னாலதான். நாளைக்குக் கோர்ட்டுல ரெண்டையும் நானே சொல்றேன். எம் பேரைச் சொல்லியே சொல்றேன்,” என்றார்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“சொன்னா நிலம் எங்களுக்கு நிக்குமா?”

“நிக்கும்.”

“நின்ன நிலத்துல இந்த எடத்துல திரும்ப ரஸ்தாளி வைக்கலாமா?”

தங்கமணி சொன்னதை மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. “முடியாதும்மா. வருஷக்கணக்குல முடியாது. பூவன் வேணா வைக்கலாம்.”

காத்தாயி தலையை ஆட்டிக்கொண்டாள். எதற்கு ஆட்டினாள் என்று அவருக்கு விளங்கவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்க வாயைத் திறந்தவர், குடிசைப் பக்கம் ஓரடி எடுத்துவைத்தார்.

“அங்கயே நில்லுங்க!”

அரிவாளோடு கையை நீட்டி மறித்தாள். அவள் கண் அவர் முகத்தில் இல்லை, செருப்பில் இருந்தது. காலையில் மிராசுதார் தோட்டத்துச் சேற்றில் மிதித்த செருப்பு. விளிம்பெல்லாம் மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

“பின்னால நிக்கிற மரமாச்சும் பொழைக்கட்டும். இந்த மண்ணை வேற யாரு கொல்லைக்கும் கொண்டு போவாதீங்க. இங்கயே கழுவிட்டுப் போங்க.”

ஒரு குடம் தண்ணீரும் செம்பும் கொண்டுவந்து செத்த மரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊற்றவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள்.

கோவிந்தராசு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். துரைக்கண்ணு தண்ணீர் ஊற்றினான். அவர் முதலில் செருப்பைக் கழுவினார். பிறகு குனிந்து, பாதத்தையும் விரலிடுக்கையும் நகக்கண்ணையும் விடாமல் தேய்த்தார்.

“போதும் சார், மண்ணு போயிருச்சு,” என்றான் துரைக்கண்ணு.

“இன்னொரு செம்பு ஊத்துடா,” என்றார் கோவிந்தராசு.